தூரத்து மலைக்கு நீலம் பூசினால் போதுமா?

மலைக்காட்சி வரையத் தொடங்கும் எவருக்கும் முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான்: கிட்டத்து மலைக்குப் பச்சை, தூரத்து மலைக்கு நீலம். ஓவிய வகுப்பில் சொல்வார்கள், யூடியூப் காணொளியில் சொல்வார்கள், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவரும் சொல்வார். இதில் பாதி உண்மை இருக்கிறது. அதை அப்படியே நம்பி டியூபில் இருந்து நீலத்தைப் பிதுக்கிப் பூசினால் தாளில் ஒரு நீல மலை வந்து நிற்கும், தூரம் வராது. சில சமயம் அந்த நீல மலைதான் மற்ற எல்லாவற்றையும் விட முன்னால் துருத்திக்கொண்டிருக்கும்.

தூரம் தெரிவது காற்றினால். நமக்கும் மலைக்கும் நடுவில் இருக்கும் பத்து, இருபது கிலோமீட்டர் காற்று மலையின் நிறத்தை என்ன செய்கிறது என்று புரிந்துவிட்டால், எந்த நேரத்தில் எந்த மலைக்கு என்ன நிறம் என்பதை நீங்களே கணித்துவிடலாம். காற்றின் ஊடாகப் பார்ப்பதால் பொருள்களின் தோற்றம் மாறுகிறதல்லவா, அந்த மாற்றத்தை வைத்தே தூரத்தைக் காட்டும் முறையை ஓவியர்கள் ஏரியல் பெர்ஸ்பெக்டிவ் என்பார்கள். பெயர் அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு ஓர் இடத்தை வைத்துக்கொள்வோம். தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வயல் வரப்பில் மேற்கே பார்த்து நிற்கிறீர்கள். காலடியில் நெல். கொஞ்சம் தள்ளிப் பனைகள். அப்புறம் ஒரு சின்னக் கரடு. அதற்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக மேற்குத் தொடர்ச்சி மலையின் வரிசைகள். அந்தப் பக்கத்துக்காரர்கள் பல் துலக்கும்போதுகூடப் பார்க்கிற காட்சி. மலைக்காட்சி வரைய இமயமலைக்குப் போக வேண்டியதில்லை.

## முக்கோணத்தில் தவறில்லை

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் வரைந்த படம் நினைவிருக்கும். இரண்டு முக்கோணம், நடுவில் பாதிச் சூரியன், கீழே வளைந்து இறங்கும் ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை, ஒரு குடிசை, வானத்தில் நாலைந்து பறவைகள். இதைக் கேலி செய்வது வழக்கம். எனக்கு அந்த முக்கோணத்தின் மேல் பெரிய புகார் இல்லை. பல மலைகள் உண்மையிலேயே முக்கோணம்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு மலைக்கும் ஒரே பச்சை, இரண்டையும் சுற்றி ஒரே தடிமனில் கறுப்புக் கோடு. எனவே இரண்டும் ஒரே தூரத்தில் நிற்கின்றன.

தூரத்தைக் காட்டத் தூரத்துப் பொருளைச் சின்னதாக வரை என்றும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தண்டவாளத்துக்கும் தெருவுக்கும் இது பொருந்தும். மின்கம்பம் எவ்வளவு உயரம் என்று நமக்குத் தெரியும். அது சின்னதாகத் தெரிந்தால் தள்ளி இருக்கிறது என்று கண் புரிந்துகொள்கிறது. மலைக்கு அப்படி ஓர் அளவு கிடையாது. பக்கத்தில் இருக்கும் 200 மீட்டர் கரடும், தூரத்தில் இருக்கும் 1,868 மீட்டர் அகத்தியமலையும் தாளில் ஒரே உயரம் வரலாம். உருவத்தை மட்டும் வைத்து எது கிட்டே, எது எட்டே என்று சொல்லவே முடியாது.

காற்றே இல்லாத இடத்தில் நின்றால் இது எவ்வளவு பெரிய சிக்கல் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம் இருக்கிறது. 1971 பிப்ரவரியில் அப்போலோ 14 பயணத்தில் ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் நிலவில் கோன் என்ற பெரும்பள்ளத்தின் விளிம்பைத் தேடி மேடேறி நடந்தார்கள். பள்ளத்தின் அகலம் 300 மீட்டருக்கும் மேல். அவ்வளவு பெரிய பள்ளத்தின் விளிம்பைக் கண்ணால் பார்க்க முடியாமலேயே திரும்பினார்கள். அவர்கள் விளிம்புக்குச் சுமார் 30 மீட்டர் அருகில் வரை போயிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. நிலவில் மரமில்லை, வீடில்லை, காற்றும் இல்லை. எட்டத்துப் பாறையும் கிட்டத்துப் பாறையும் ஒரே கூர்மையில், ஒரே கறுப்பு வெள்ளையில் தெரிந்தால் தூரத்தை எதை வைத்துக் கணிப்பது?

சுருக்கமாக: மலைக்கு நிலையான அளவு இல்லாததால் சின்னதாக வரைவது தூரத்தைக் காட்டாது. அந்த வேலையை நடுவில் இருக்கும் காற்றுதான் செய்கிறது.

## கொசுவலைக்குள் இருந்து பார்ப்பது

கொசுவலைக்குள் படுத்திருக்கிறீர்கள். அறையின் விளக்கு எரிகிறது. வலை வழியாக எதிர்ச் சுவரில் உள்ள காலண்டரைப் பார்த்தால் மங்கலாகத் தெரியும். இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, காலண்டரில் இருந்து வரும் ஒளியில் கொஞ்சத்தை வலையின் நூல் மறித்துவிடுகிறது. இரண்டாவது காரணத்தைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை: விளக்கு வெளிச்சம் பட்டு வலையின் நூலே வெள்ளையாக ஒளிர்கிறது. அந்த வெள்ளை, காலண்டரின் மேல் ஒரு படலமாகச் சேர்ந்துகொள்கிறது. விளக்கை அணைத்து, கதவுக்கு வெளியே வராந்தா விளக்கு மட்டும் எரியட்டும். அதே வலை வழியாக வராந்தா தெளிவாகத் தெரியும். வலை மாறவில்லை, அதன் மேல் விழுந்த வெளிச்சம் போய்விட்டது.

காற்றும் இந்த இரண்டு வேலைகளையும் செய்கிறது. மலையில் இருந்து நம் கண்ணுக்கு வரும் ஒளியில் ஒரு பங்கை வழியிலேயே திசைதிருப்பிவிடுகிறது. கூடவே, சூரிய வெளிச்சம் பட்டுத் தானும் ஒளிர்ந்து அந்த ஒளியை நம் பக்கம் அனுப்புகிறது. இப்படிக் காற்றில் இருந்தே வரும் ஒளியைக் காற்றொளி என்று அழைக்கலாம். ஒரு வலைக்குப் பதில் நாலு வலை தொங்கினால் காலண்டர் இன்னும் மங்கும். பின்னால் உள்ள மலைக்கு அதிக வலை, முன்னால் உள்ள கரட்டுக்குக் குறைவான வலை.

இதில் இருந்து ஓவியனுக்கு உடனடியாக ஒரு பாடம் கிடைக்கிறது. தூரத்து மலையின் நிறம் இரண்டு நிறங்களின் கலவை: மலையின் சொந்த நிறம் கொஞ்சம், காற்றொளியின் நிறம் கொஞ்சம். தூரம் கூடக் கூட முதலாவது குறைந்து இரண்டாவது கூடும். மிக மிகத் தூரத்தில் காற்றொளி மட்டுமே மிஞ்சும். அந்தக் காற்றொளியின் நிறம் என்ன? அடிவானத்தைப் பாருங்கள். அடிவானத்தில் நாம் பார்ப்பது வேறொன்றும் இல்லை, முடிவில்லாத தூரத்துக்கான காற்றொளிதான். எனவே மலைகள் ஒவ்வொன்றும் பின்னால் போகப் போக அடிவான நிறத்தை நோக்கி நகர்கின்றன. அடிவானம் நீலச் சாம்பலாக இருந்தால் மலையும் நீலச் சாம்பலுக்குப் போகும். செம்மஞ்சளாக இருந்தால் மலையும் அந்தப் பக்கம்தான் போகும்.

## அந்த வலைக்கு ஏன் நீலம்?

ஒளி ஒரு துகளில் மோதி எல்லாத் திசைகளிலும் பிரிந்து போவதைச் சிதறல் என்கிறோம். காற்றின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை. அவை எல்லா நிறத்தையும் ஒரே அளவில் சிதறடிப்பதில்லை. அலைநீளம் குறைந்த நீலம் அதிகம் சிதறும். அலைநீளம் கூடிய சிவப்பு ஏறக்குறைய நேராகப் போய்விடும். இதை 1871இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு கணக்காகவே எழுதிக் காட்டினார்: அலைநீளம் கூடினால் சிதறல் அதன் நான்காம் அடுக்கு விகிதத்தில் குறையும். 450 நானோமீட்டர் நீலத்தையும் 650 நானோமீட்டர் சிவப்பையும் ஒப்பிட்டால், நீலம் நாலு மடங்குக்கும் மேல் சிதறுகிறது. வானம் நீலமாக இருப்பதும் இதனால்தான். மலைக்கும் நமக்கும் நடுவில் இருப்பது, பக்கவாட்டில் பார்க்கப்படும் கொஞ்சம் வானம்.

ஆனால் காற்றில் மூலக்கூறு மட்டுமா இருக்கிறது? தூசி, புகை, நீர்த்திவலை எல்லாம் இருக்கின்றன. இவை பெரிய துகள்கள். பெரிதாக ஆக ஆக எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும். விளைவு, வெள்ளை. மூடுபனி வெள்ளையாக இருப்பதற்கும், கோடையில் மலை வெளுத்துப் போய்ச் சாம்பல் பூத்துத் தெரிவதற்கும் இதுவே காரணம். காற்று சுத்தமானால் வலை நீலம், அழுக்கானால் வலை வெள்ளை.

ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை வயல்வெளியில் நின்றவர்களுக்கு இது தெரியும். மழை தூசியைக் கழுவிவிட்டதால் மலை திடீரெனப் பக்கத்தில் வந்து நிற்பது போலிருக்கும். பாறை மடிப்பு, மரக்கூட்டம், ஒழுகும் நீர்க்கோடு எல்லாம் எண்ணிவிடலாம். அதே மலை சித்திரை மதியத்தில் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகமாக இருக்கும். மலை நகரவில்லை, காற்றுதான் மாறியிருக்கிறது. லடாக் போனவர்கள் எட்டத்து மலையைக் கிட்டத்தில் இருப்பதாக நினைத்து ஏமாறுவதும் இதே கதைதான். 3,500 மீட்டர் உயரத்தில் காற்றும் குறைவு, ஈரமும் குறைவு. அங்கே தூரத்து மலை கூர்மையாகவே இருக்கும். லடாக் காட்சியை மூடுபனி போட்டு வரைந்தால் அது லடாக்காக இருக்காது.

நீலகிரி நீலமாகத் தெரிவதற்குக் குறிஞ்சிப் பூதான் காரணம் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நீலக்குறிஞ்சி பூப்பது 12 ஆண்டுக்கு ஒருமுறை. மலை அன்றாடம் நீலமாகத் தெரிகிறது. குறிஞ்சியே இல்லாத மலையும் தள்ளி நின்று பார்த்தால் நீலம்தான்.

சுருக்கமாக: சுத்தமான காற்றொளி நீலம், தூசும் பனியும் கலந்தது வெள்ளை. மலையின் மேல் படிவது அன்றைய காற்றின் நிறம்.

## வெள்ளைப் பொருள் நீலமாகாது

"தூரம் என்றால் நீலம்" என்ற விதி உடைந்துபோகும் இடம் ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சரியாக உட்கார்ந்துவிடும்.

காடு மூடிய மலை இருண்ட பொருள். அதில் இருந்து வரும் சொந்த ஒளி குறைவு. எனவே நடுவில் உள்ள காற்றின் நீல ஒளி அதன் மேல் தூக்கலாகத் தெரிகிறது. வெண்மேகமோ பனிமூடிய சிகரமோ அப்படியல்ல. அதில் இருந்தே ஏராளமான வெள்ளொளி கிளம்புகிறது. அது காற்றைக் கடந்து வரும்போது வழியில் நீலம்தான் அதிகமாகச் சிதறித் தொலைகிறது. எஞ்சி வந்து சேர்வதில் மஞ்சளும் சிவப்பும் கொஞ்சம் மிகுதி. அதனால் மிகத் தூரத்தில் உள்ள வெண்மேகம் லேசான மஞ்சளாக, பழைய வேட்டி நிறத்தில் தெரியும். தலைக்கு மேலே உள்ள மேகத்தையும் அடிவானத்தை ஒட்டியுள்ள மேகத்தையும் ஒரே நேரத்தில் பார்த்து ஒப்பிடுங்கள், வித்தியாசம் புலப்படும். சாயும் சூரியன் சிவப்பதும் இதே கணக்குத்தான்.

ஆக, தூரத்து இருட்டு நீலமாகும், தூரத்து வெள்ளை மஞ்சளாகும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. மலை இருட்டுப் பொருள் என்பதால்தான் நீல விதி அதற்குப் பெரும்பாலும் பலிக்கிறது. மலைக்கு மேலே மேகத்தையும் அதே நீலத்தில் போட்டால் படம் தவறாகிவிடும்.

## நீலமே இல்லாமல் தூரம்

இப்போது ஓவியத்துக்குத் தேவையான இரண்டு சொற்கள். ஒரு நிறம் வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பது அதன் டோன். கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் எஞ்சுவது டோன் மட்டும்தான். ஒரு நிறம் எவ்வளவு பளீரென்று இருக்கிறது, எவ்வளவு சாம்பல் கலந்திருக்கிறது என்பது அதன் செறிவு. இளநாற்றின் பச்சைக்குச் செறிவு அதிகம். காய்ந்த யூகலிப்டஸ் இலையின் பச்சைக்குக் குறைவு.

தூரம் கூடும்போது மலையில் மாறுவது நிறம் மட்டும் அல்ல. இருண்ட பகுதிகளின் டோன் வெளிறுகிறது. செறிவு குறைகிறது. ஒளி பட்ட பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் சுருங்குகிறது. சின்னச் சின்ன விவரங்கள் முதலில் காணாமல் போகின்றன. இலை போகும், பிறகு மரம் போகும், பிறகு பாறை மடிப்பு போகும். கடைசியில் வெளிவிளிம்பு மட்டும் நிற்கும். இவற்றில் மிக முக்கியமானது டோன். நிறம் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

இதற்கு என்னிடம் உள்ள சிறந்த சாட்சி சீனத்தில் இருக்கிறது. சொங் அரசமரபுக் காலத்து ஓவியர் குவோ ஷி 1072இல் வரைந்த இளவேனில் மலைக்காட்சி ஒன்று தாய்பேயில் உள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பட்டுத்துணியின் மேல் ஏறக்குறைய மையை மட்டுமே வைத்துச் செய்த வேலை. கண்ணில் படும்படி நீலம் ஏதும் இல்லை. ஆனாலும் பள்ளத்தாக்கு உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. கிட்டத்துப் பாறைக்கு அடர்ந்த மை, எட்டத்து மலைக்கு நீர்த்த மை, நடுவில் மூடுபனிக்கு வெறும் பட்டு. டோன் சரியாக இருந்தால் நிறம் இல்லாமலேயே தூரம் வந்துவிடும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஐரோப்பாவில் இதைப் பற்றி விரிவாக எழுதி வைத்தவர் லியோனார்டோ டா வின்சி. தூரத்துக் கட்டடத்தை எவ்வளவு நீலமாக்குவது என்பதற்குக் கணக்கே கொடுத்தார்: ஐந்து மடங்கு தள்ளிக் காட்ட வேண்டுமென்றால் ஐந்து மடங்கு நீலம். கவனிப்பு அபாரம், ஆனால் கணக்கு அப்படி நேராக ஏறுவதில்லை. அதைப் பார்ப்போம்.

## பாதி, பாதியில் பாதி

ஒரு நாள் காற்று, ஐந்து கிலோமீட்டருக்குள் மலைக்கும் வானத்துக்கும் உள்ள டோன் வித்தியாசத்தைப் பாதியாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கிலோமீட்டரில் எவ்வளவு மிஞ்சும்? பூஜ்யம் இல்லை, கால் பங்கு. பதினைந்தில் அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு. இருபதில் வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு. ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டரும் மிஞ்சியதில் பாதியைத்தான் எடுக்கிறது.

தொடங்குபவர்கள் நாலு மலை வரிசை வரைந்தால் டோனைப் படிக்கட்டு மாதிரி சம இடைவெளியில் வெளுப்பார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும், மலையாக இருக்காது. இயற்கையில் முன்னால் உள்ள கரட்டுக்கும் முதல் மலைக்கும் நடுவில் பெரிய தாவல் இருக்கும். அடுத்தது அதில் பாதி. கடைசி இரண்டு வரிசைகளுக்கும் வானத்துக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் மிகக் கொஞ்சம். கடைசி மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பார்க்கும்படி விட வேண்டும். கைக்கு இதில் துணிச்சல் வருவது கஷ்டம். மலை தெரியாமல் போய்விடுமோ என்று பயந்து இன்னொரு பூச்சு ஏற்றிவிடுவோம். ஏற்றினால் தூரம் போய்விடும்.

தூசே இல்லாத காற்றிலும் இந்தக் கழிவு நிற்பதில்லை. கடல்மட்டத்தில் மிகத் தூய்மையான காற்றிலேயே சுமார் 300 கிலோமீட்டருக்கு மேல் பார்வை போகாது என்பது கணக்கு. நம் சமவெளிக் காற்றில் அதில் ஒரு சிறு பங்கு கிடைத்தாலே நல்ல நாள்.

## மலையின் அடிவாரம் ஏன் வெளுக்கிறது

மலை வரிசைகளை உற்றுப் பார்த்தால் ஒரே மலைக்குள்ளும் ஒரு மாற்றம் தெரியும். மேல் விளிம்பு இருண்டு தெளிவாக இருக்கும். கீழே வர வர வெளுத்து, அடிவாரம் முன்னால் உள்ள மலையின் பின்னால் கரைந்து போகும். தாழ்ந்த இடத்தில் காற்று அடர்த்தி. ஊர்ப் புகை, வண்டிப் புழுதி, ஆற்றோரப் பனி எல்லாம் அங்கேதான் தங்குகின்றன. மேலே போகப் போக வலை மெலிகிறது. லியோனார்டோ இதையும் கவனித்திருக்கிறார்.

இந்த ஒன்றைச் செய்தாலே படம் பாதி முன்னேறிவிடும் என்பது என் கணிப்பு. வெளுத்த அடிவாரத்தின் மேல் முன் மலையின் இருண்ட விளிம்பு வந்து நிற்கும்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு தானாகப் பிறக்கிறது. யாரும் அதை வரையவில்லை.

இதையும் கண்மூடி விதியாக்கிவிடாதீர்கள். குற்றாலத்தில் சீசன் நேரத்தில், ஆனி ஆடியில், மேகம் மலையின் தலையில் உட்கார்ந்திருக்கும். அப்போது உச்சி வெளுக்கும், அடிவாரம் இருளும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்றைக்கு வலை எங்கே தடித்திருக்கிறது?

சுருக்கமாக: தூரம் கூடினால் டோன் வித்தியாசம் பாதி பாதியாகக் குறையும், ஒவ்வொரு மலையும், காற்று தடித்திருக்கும் பக்கம் வெளுக்கும்.

## தூரிகையை எடுக்கலாம்

மேற்கே மலை உள்ள ஊரில் காலையும் மாலையும் இரண்டு வேறு பாடங்கள். காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். வெயில் மலையின் முகத்தில் விழுகிறது. பாறையும் காடும் தெரியும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குகிறது. நம்மைப் பார்த்த முகம் முழுக்க நிழல். சூரியன் பக்கம் பார்க்கும்போது காற்றில் உள்ள தூசி மிகுதியாக ஒளிரும். மலைகள் வெட்டி ஒட்டிய அட்டைகள் போலத் தட்டையாகி, வரிசைகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். முதல் படத்துக்கு மாலையைத் தேர்ந்தெடுங்கள். விவரம் குறைவு, டோன் தெளிவு.

வாட்டர் கலர் என்றால் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள தாளைப் பலகையில் டேப் போட்டு ஒட்டுங்கள். மெல்லிய தாள் நனைந்தால் அலை அலையாகச் சுருங்கிவிடும். நிறங்கள் நிறைய வேண்டாம்: அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), ஒரு சாப் கிரீன் (இலைப்பச்சை). அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் அழகான சாம்பல் கிடைக்கும். நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், சியன்னா கூடினால் வெதுவெதுப்பான சாம்பல். மலை முழுவதையும் இந்த இரண்டிலேயே முடித்துவிடலாம்.

முதலில் வானம். தாளை நனைத்து, மேலே நீலமும் அடிவானத்தை நோக்கி மிக நீர்த்த ஓக்கரும் வரும்படி பூசி, மலை வரும் இடம் உட்படக் கீழே வரை இழுத்து விட்டுவிடுங்கள். நன்றாகக் காயட்டும். அவசரக்காரர்கள் ஹேர் டிரையர் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் கடைசி மலை. வானத்தை விட ஒரு சொட்டு மட்டும் அடர்த்தியான சாம்பல்நீலம். மேல் விளிம்பை ஒரே இழுப்பில் போட்டு, உடனே சுத்தமான ஈரத் தூரிகையால் கீழ்ப்பக்கத்தை இழுத்துக் கரைத்துவிடுங்கள். காய்ந்த பிறகு அதன் முன்னால் அடுத்த மலை, கொஞ்சம் கூடுதல் அடர்த்தியில். இப்படியே முன்னோக்கி வர வேண்டும்.

வாட்டர் கலரில் வெளிர்நிறத்தின் மேல் அடர்நிறத்தை ஏற்றலாம். அடர்நிறத்தின் மேல் வெளிர்நிறம் ஏறாது. தூரத்தில் இருந்து கிட்டே வரும் வரிசையும் வெளிரில் இருந்து அடர்த்திக்கு வரும் வரிசையும் ஒன்றாக இருப்பதால், மலைக்காட்சி வாட்டர் கலருக்கென்றே அமைந்த பொருள். புதியவர்களுக்கு முதலில் இதைக் கொடுப்பதற்கு நியாயமான காரணம் இது.

போஸ்டர் கலரிலோ அக்ரிலிக்கிலோ வரைகிறவர்கள் ஒரு கிண்ணத்தில் அடிவான நிறத்தை முதலிலேயே தாராளமாகக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள்: வெள்ளை, துளி நீலம், அதைவிடச் சின்னத் துளி ஓக்கர். இன்னொரு கிண்ணத்தில் முன் மலைக்கான அடர்பச்சை. ஒவ்வொரு மலைக்கும் இரண்டையும் வேறு வேறு விகிதத்தில் கலக்க வேண்டும். வெறும் வெள்ளையைக் கலந்து வெளுத்தால் சுண்ணாம்பு அடித்தது போல் ஆகிவிடும்; அன்றைய காற்றின் நிறம் அதில் இல்லை. மேலே சொன்ன பாதி, கால் கணக்கைக் கரண்டி அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கண்ணுக்குத் தெரியும் வித்தியாசத்தின் கணக்கு. அடர்சாயம் கொஞ்சமே இருந்தாலும் வெள்ளையை விழுங்கிவிடும், தாலோ நீலம் என்ற வீரியமான நீலச் சாயம் இதில் மகா மோசம். ஒரு ஓரத்தில் தடவிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கரட்டுக்கு வந்த பிறகே பச்சை. டியூபில் வரும் சாப் கிரீன் தனியாக நின்றால் பிளாஸ்டிக் போல இருக்கும். கொஞ்சம் சியன்னா சேர்த்தால் அடங்கும். படத்திலேயே செறிவு மிகுந்த நிறத்தைக் காலடி வயலுக்கு என்று மிச்சம் வையுங்கள். கடைசியாக, மிக இருண்ட டோனில் இரண்டு பனைகள். பனை எவ்வளவு உயரம் என்று பார்ப்பவருக்குத் தெரியும். அளவு தெரிந்த அந்த ஒரு பொருள் வந்ததும் பின்னால் உள்ள மலைகள் எல்லாம் சட்டென்று பெரிதாகிவிடும். மலையைச் சுற்றிக் கோடு போடும் பழக்கம் இருந்தால் அதைப் பனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டோன் சரியா என்று பார்க்கக் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். விவரம் மறைந்து பெரிய பெரிய திட்டுகள் மட்டும் தெரியும். இரண்டு மலைகள் ஒரே திட்டாக ஒட்டிக்கொண்டால் முன்னால் உள்ளதை இன்னும் அடர்த்தியாக்க வேண்டும். நிறமே குழப்புகிறது என்றால், ஒரு படத்தை முழுக்கக் கறுப்பு மையில் தண்ணீர் சேர்த்து வரைந்து பாருங்கள்.

## புகைப்படத்தைப் பார்த்து வரைகிறவர்களுக்கு

நேரில் போய் உட்கார எல்லோருக்கும் வாய்க்காது. கைப்பேசியில் எடுத்த படத்தைப் பார்த்து வரைவதில் குற்றமில்லை. ஆனால் இன்றைய கைப்பேசிகள் படம் எடுத்த கையோடு மங்கலான பகுதிகளைத் தானே கூர்மையாக்கி, நிறத்தையும் ஏற்றிவிடும். நாம் இவ்வளவு நேரம் பேசிய வலையைத்தான் அது கழற்றி எறிகிறது. காலண்டர் படங்களும் சுற்றுலா விளம்பரங்களும் இன்னும் ஒரு படி மேலே. அப்படிப்பட்ட படத்தை அப்படியே நகலெடுத்தால் பத்துக் கிலோமீட்டர் தள்ளியுள்ள மலை தாளில் பக்கத்துத் தெருவுக்கு வந்துவிடும்.

கைப்பேசியில் இருந்து வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும்போதே, கண்ணுக்குத் தெரிந்த டோனை ஒரு காகிதத்தில் பென்சிலால் நாலு கட்டம் போட்டுக் குறித்துவிடுங்கள்: வானம், கடைசி மலை, நடு மலை, கரடு. வீட்டுக்கு வந்து வண்ணம் கலக்கும்போது அந்தக் கட்டங்களோடுதான் ஒப்பிட வேண்டும். ஈரமாக இருக்கும்போது ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். வாட்டர் கலர் காய்ந்தால் வெளிறும், அக்ரிலிக் காய்ந்தால் சற்று இருளும். அதே தாளின் ஒரு துண்டில் தடவி, முழுக்கக் காய்ந்த பிறகு கட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அப்புறம் மலையில் கை வையுங்கள்.